வளர்த்த காது

சித்திரத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் யானை வரையச் சொன்னபோது, பக்கத்தில் ‘யானை’ என்று எழுதி வைத்துத்தான் வாத்தியாரிடம் தப்பித்தேன். ஆனாலும் என் ஆயுளில் ஒரே ஒரு படத்துக்கு நான் காரணமாக இருந்திருக்கிறேன். தூரிகை வேறொருவர் கையில் இருந்தது, வாய்ச்சொல் என்னுடையது. அந்தப் படத்தைப் பற்றியும், முப்பது வருஷம் கழித்து அதற்குப் பதில் சொல்ல வந்த இன்னொரு படத்தைப் பற்றியும்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் ஊர் வேம்பார். தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், ராமநாதபுரம் எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் வடகோடி ஊர். வெளியூர்க்காரர்களுக்கு வேம்பார் என்றால் கருப்பட்டி நினைவு வரும். எங்களுக்கோ கடலும் கோயிலும்தான் ஊர். ஒரு பக்கம் பனங்காடு, மறு பக்கம் தண்ணீர்; நடுவில் நாங்கள்.

1542-ல் சவேரியார் இந்தக் கரைக்கு வருவதற்குச் சில வருஷங்கள் முன்பே எங்கள் முன்னோர் போர்த்துக்கீசியர் கையால் ஞானஸ்நானம் வாங்கிவிட்டார்கள். மதத்தோடு சுரூபங்களும் கப்பலேறி வந்தன. மாதாவின் கன்னம் ரோஜா நிறம். சம்மனசுகளின் முடி பொன் நிறம். வெயிலில் வெந்து கறுத்த சனங்கள் அந்த வெளுத்த முகங்களுக்கு முன்னால் முழங்காலில் நின்று, மனம் உருகி அழுதிருக்கிறார்கள். அந்த அழுகையில் பொய் கிடையாது. ஆனால் சிறு பையனாக இருந்தபோது நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: மோட்சத்துக்குப் போனவர்கள் எல்லாரும் வெள்ளையாகி விடுகிறார்கள். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததல்ல. கண் தானாகப் படித்துக்கொண்ட பாடம்.

இனி என் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவைப் பெற்றவள். நல்ல கறுப்பு. எங்கள் சீமையில் அந்தக் காலத்துப் பெண்களுக்கு வழக்கமிருந்தபடி, குழந்தையிலேயே காது குத்தி, துளையைப் பெரிதாக்கி, கனம் தொங்கவிட்டுக் காது வளர்த்திருந்தார்கள். அந்தக் காதில் பாம்படம் கிடந்து ஆடுமாம். நான் பார்த்ததில்லை. தாத்தா முத்துக் குளித்தவர். இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி வருகிற தொழில். கொண்டு வந்ததில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மூன்றாவது பங்கு குளித்தவர்களுக்கு. 1961-ல் தூத்துக்குடிக் கடலில் நடந்த குளிப்புதான் கடைசி. அதற்கப்புறம் பாரில் சிப்பி விளையவில்லை. தாத்தா வலைக்கு மாறினார். நைலான் வலை வந்த புதிது அது. அந்த வலைக்காக ஆச்சியின் காதிலிருந்து பாம்படம் இறங்கியது. பிறகு ஏறவே இல்லை. நான் பிறந்து பார்த்த காது, தோளைத் தொடுகிற வெறும் தோல் வளையம்.

நான் தூத்துக்குடியில் விடுதியில் தங்கிப் படித்துக் கொண்டிருந்த காலத்தில், ஒரு சனிக்கிழமை ஆச்சி என்னைப் பார்க்க வந்தாள். கையில் ஓலைப் பெட்டி. அதற்குள் கருப்பட்டியும் அவித்த பனங்கிழங்கும். வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கூட இருந்த பையன்களில் ஒருவன், “யாருலே அந்தக் கிழவி? காதுல ஊஞ்சல் கட்டி ஆடலாம் போலிருக்கே!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “எங்க வீட்டுல வேல பாக்கிற பாட்டி” என்று சொன்னேன். ராயப்பர் மூன்று தடவை மறுதலித்தாராம். நான் ஒரே தடவைதான். ஆனால் அவருக்குச் சேவல் கூவியது. எனக்கு ஒன்றும் கூவவில்லை. கருப்பட்டியைப் பங்கு போட்டுத் தின்றோம்.

1995-ல் ஆச்சி இறந்துபோனாள். வீட்டில் மாட்டுவதற்குப் படம் இல்லை. ஒரு கலியாணக் கூட்டத்தில் எடுத்த போட்டோவில் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். முகம் கட்டைவிரல் நகம் அளவு, தலையில் முக்காடு. அதைப் பெரிதாக எழுதி வாங்கிவர என்னைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது.

ஸ்டுடியோவில் படம் எழுதுகிறவர் வயதானவர், நல்ல மனிதர். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “முக்காட்ட எடுத்திருவோம் தம்பி. அப்பதான் முகம் எடுப்பா இருக்கும். கொஞ்சம் நெறமா போட்டிரட்டா?” என்று கேட்டார். தலையாட்டினேன். “காதுக்கு என்ன போடட்டும்?” என்றார். முக்காட்டுக்குள் காது தெரியவில்லை, அதனால்தான் கேட்டார். உண்மையைச் சொல்ல அந்த நொடியில் இரண்டே வார்த்தை போதும். நான், “முத்துக் கம்மல்” என்றேன்.

பத்து நாளில் படம் வந்தது. ரோஜா நிறத்தில், சின்னக் காதில் வெள்ளை முத்து பளபளக்க, யாரோ ஒரு பணக்கார வீட்டுப் பெண்மணி சட்டத்துக்குள் சாந்தமாக உட்கார்ந்திருந்தாள். அம்மா வெகுநேரம் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, மாதா படத்துக்குக் கீழே ஆணி அடித்து மாட்டினாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது.

அந்தப் படம் முப்பது வருஷம் அங்கேயே இருந்தது. போன கோடையில் என் அக்கா மகள் வந்தாள். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சித்திரம் படித்தவள். வந்தவள் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “மாமா, பெரியாச்சி காது நெசமா எப்படி இருக்கும்?” என்று கேட்டாள்.

எதற்கு என்று கேட்டேன். தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். வாசகர்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். இருண்ட பின்புலத்தில், நீலத் தலைப்பாகை கட்டிய ஒரு பெண், இடது தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மைப் பார்க்கிறாள்; காதில் ஒரு முத்து. வெர்மீர் என்ற டச்சுச் சித்திரக்காரர் 1665-ஐ ஒட்டி எழுதியது. இன்றைக்கு ஹேக் நகரத்துக் காட்சிசாலையில் இருக்கிறது. 1881-ல் ஏலத்துக்கு வந்தபோது இரண்டு கில்டர் முப்பது சென்ட்டுக்குப் போயிற்றாம். இப்போது அதற்கு விலை சொல்ல ஆளில்லை. அந்தப் பெண் யாரென்றும் தெரியாது; குறிப்பிட்ட ஒருத்தியின் உருவமாக இல்லாமல், ஒரு முகத்தை எழுதிப் பார்க்கிற வழக்கத்தில் பிறந்த படம் அது.

“இதே மாதிரி பெரியாச்சிய வரையப் போறேன்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது. “வெள்ளைக்காரன் படத்தைக் காப்பியடித்து, முகத்தை மட்டும் மாற்றி வைத்தால் அதற்குப் பெயர் புதுச் சித்திரமா?” என்று கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “அப்படின்னா வால்மீகியப் பாத்துக் கம்பர் காப்பியடிச்சாரா மாமா? அகலிகைய எடுத்துப் புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ எழுதினாரே, அது காப்பியா? நீங்க கதை எழுதறவங்கதானே?” என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். எழுத்துக்காரனுக்கு அவன் சொத்தைக் கொண்டே பதில் சொன்னால் வேறென்ன செய்ய முடியும்?

பிறகு இரண்டு மூன்று நாள் அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன். பழைய பெரிய சித்திரங்களை எடுத்து, அவற்றில் இடமில்லாமல் போனவர்களை உட்கார வைத்துப் பார்ப்பது இன்றைக்கு உலகமெங்கும் நடக்கிற வேலையாம். கெஹிண்டே வைலி என்ற கறுப்பு அமெரிக்கச் சித்திரக்காரர், ஆல்ப்ஸ் மலையைக் குதிரையேறிக் கடக்கும் நெப்போலியன் படத்தை 2005-ல் திருப்பி எழுதினார். குதிரை அதே குதிரை. போர்வையும் அப்படியே பறக்கிறது. மேலே இருப்பவர் மட்டும் தெருவில் நாம் பார்க்கக் கூடிய ஒரு கறுப்பு இளைஞர். இந்தியா, இலங்கை இளைஞர்களை வைத்தும் 2010-ல் ஒரு வரிசை எழுதியிருக்கிறார். எத்தியோப்பியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அவோல் எரிஸ்கு, இந்த முத்துப் பெண்ணையே 2009-ல் எடுத்துக்கொண்டார். அவர் புகைப்படத்தில் ஒரு கறுப்புப் பெண் அதே மாதிரி திரும்பிப் பார்க்கிறாள். காதில் முத்துக்குப் பதிலாக, அமெரிக்கக் கறுப்புப் பெண்கள் விரும்பிப் போடுகிற மூங்கில் கணு போன்ற வளையம்.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. ஹங்கேரியத் தாய்க்கும் சீக்கியத் தந்தைக்கும் பிறந்த அம்ரிதா ஷெர்கில் 1934-ல் தன்னையே தஹிதித் தீவுப் பெண்ணாக எழுதினார். கொகேன் அந்தத் தீவுப் பெண்களை எழுதிப் பேர் வாங்கியவர். ‘அவர் வெளியிலிருந்து பார்த்தாரே, அந்த இடத்தில் நான் நின்றால் எப்படி இருக்கும்?’ என்று கேட்டது போலிருக்கிறது அந்தப் படம். பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த புகைப்பட வரிசையில், பின்திரை எழுதி, வேஷம் போட்டு, ரவிவர்மாவின் லட்சுமியாக நின்றார். நமது வேளாங்கண்ணி மாதாவாகவும் நின்றார். கோவாவின் ஆஞ்செலோ தா ஃபொன்சேகா இவர்களுக்கெல்லாம் முன்னாலேயே மாதாவுக்குச் சேலை உடுத்தி எழுதினார். சொந்த ஊரில் அதற்குக் கிடைத்த எதிர்ப்பு தாங்காமல் பூனாவுக்குப் போய்விட்டார், 1967-ல் காலமானார்.

நமது பத்திரிகை வாசகர்களுக்கு மிகவும் நெருங்கியவர் இளையராஜா. சித்திரக்கார இளையராஜாவைச் சொல்கிறேன். கும்பகோணத்துக் கல்லூரியில் படித்தவர். 2021 ஜூனில், கொரோனா அவரைக் கொண்டு போயிற்று. நாற்பதை ஒட்டிய வயது. அவர் எழுதிய பெண்கள் மாநிறமும் கறுப்புமாக, அடுப்படியிலும் வாசற்படியிலும் ஜன்னல் ஓரத்திலும் இருப்பார்கள். பக்கவாட்டிலிருந்து வருகிற வெளிச்சம் அவர்கள் கன்னத்தில் விழுகிற அழகைப் பார்த்தால் டச்சுக்காரர்களின் ஜன்னல்தான் ஞாபகம் வருகிறது. எண்ணெய்ச் சாயத்தை மேனாட்டாரிடம் கற்றுக்கொண்டு நம் தேவதைகளுக்கு உருவம் கொடுத்தவர் ரவிவர்மா. 1894-ல் அவர் அச்சுக்கூடம் வைத்த பிறகு, அந்தச் சிவந்த லட்சுமியும் சரசுவதியும் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். அதே சாயத்தால் பக்கத்து வீட்டு அக்காளின் கறுப்பை இழை இழையாக எழுத முடியும் என்று காட்ட நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவர் படம் வந்த பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இவளை எங்கேயோ பார்த்திருக்கிறேனே’ என்று நானே நினைத்ததுண்டு. பார்த்ததில்லை, படத்தில் பார்த்துப் பழக்கமில்லாத முகம், அவ்வளவுதான்.

இத்தனை கேட்டும் என் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை. முகத்தை மாற்றிவிட்டால் போதுமா? அந்த வழி ஒருவருக்குத் தெரிந்துவிட்டால், நாளைக்கு ஆயிரம் பேர் ஆயிரம் படத்தில் முகத்தை மாற்றி வைப்பார்கள். நாலாவது படத்திலேயே நமக்குக் கொட்டாவி வரும். புதுப் படத்தைப் பார்த்துவிட்டுப் பழைய படத்திடம் திரும்பிப் போனால், அங்கே முன்பு தெரியாத ஒன்று தெரிய வேண்டும். அப்படித் தெரியாவிட்டால் அது வெறும் வேஷம்தான். இதை அவளிடம் சொன்னேன்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “டச்சுக்காரங்க தூத்துக்குடியப் பிடிச்சது எந்த வருஷம் மாமா?” என்று கேட்டாள்.

1658. பிடித்ததோடு முத்துக்குளிப்பும் அவர்கள் கைக்குப் போயிற்று. ஏழு வருஷம் கழித்து அவர்கள் ஊரில் ஒருவர் முத்தணிந்த ஒரு பெண்ணை எழுதுகிறார். அவள் தலைப்பாகையின் நீலம் ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டிய கல்லை அரைத்தது என்று சாயத்தை ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். முத்து எங்கிருந்து வந்தது என்று அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் காதில் இருப்பது எங்கள் கடல் முத்து என்று நான் சாதிக்க வரவில்லை. அது முத்துத்தானா என்பதே வழக்கில் இருக்கிறது. அத்தனை பெரிய முத்து கிடைப்பது அரிது, கண்ணாடியாகவோ தகரமாகவோ இருக்கலாம் என்கிறவர்கள் உண்டு. 2018-ல் கருவிகளை வைத்துப் படத்தை ஆராய்ந்து பார்த்தார்கள். முத்தைக் காதில் மாட்டுகிற கொக்கியே வரையப்படவில்லை. நாலைந்து வெள்ளைத் தீற்றல், அவ்வளவுதான் முத்து.

“நம்ம கூடத்துல தொங்குதே, அதுவும் பொய் முத்துதான மாமா?” என்றாள்.

விளையாட்டாகச் சொன்ன வார்த்தைதான். எனக்குச் சுருக்கென்றது. ஏழு கடல் தாண்டி எவனோ பொய் முத்து எழுதினான் என்று பேசிக்கொண்டிருக்கிறேனே, முத்துக் குளித்தவன் பெண்டாட்டிக்கு, பாம்படத்தை விற்று வலை வாங்கிக் கொடுத்தவளுக்குப் பொய் முத்து மாட்டி வைத்தவன் யார்? அன்று ராத்திரி, திண்ணையில் உட்கார்ந்து, வேப்பமரத்தடிக் கதையையும் ஸ்டுடியோக் கதையையும் முதல் தடவையாக ஒரு ஆளிடம் சொன்னேன். என் கதைகளில் எத்தனையோ பேரை உண்மை பேச வைத்திருக்கிறேன்; எனக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முப்பது வருஷம் பிடித்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலையும் தாளையும் என் பக்கம் நகர்த்தி, “காத மட்டும் போட்டுக் காட்டுங்க” என்றாள்.

யானை வரையத் தெரியாதவன் காதை வரைந்தேன். மேலே சாதாரணக் காது. கீழே மெல்லிய தோல் இறங்கி, வளைந்து, தோளைத் தொட்டு மேலேறுகிறது. நடுவில் ஒன்றுமில்லை.

மூன்று வாரத்தில் படம் முடிந்தது. இருட்டிலிருந்து ஆச்சி திரும்பிப் பார்க்கிறாள். தலையில் நீலத்துக்குப் பதில், மீன்கூடை சுமக்கத் துணியால் சுற்றின சும்மாடு. முகம் பனைமரத்துக் கறுப்பு. மூக்கின்மேல் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். டச்சுப் பெண்ணுக்கு முத்து மின்னுகிற இடத்தில், ஆச்சிக்கு அந்த வெறும் வளையம். அதன் வழியே பின்னாலிருக்கும் இருட்டு தெரிகிறது. பார்த்துவிட்டு மறுபடி கைபேசியில் வெர்மீர் படத்தை எடுத்துப் பார்த்தேன். என் பரீட்சையில் அவள் தேறிவிட்டாள். முந்தியெல்லாம் அந்தப் பெண்ணின் கண்ணைத்தான் பார்ப்பேன். இப்போது அந்த முத்தைப் பார்த்ததும், மூச்சை அடக்கிக்கொண்டு கீழே இறங்குகிற ஒரு மனிதன் ஞாபகத்துக்கு வந்தான்.

ஆனால் படத்தைக் காட்ட வேண்டிய இடம் வேறு. அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதாகிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பார்த்ததும் முகம் மாறியது.

“என்னட்டி இது? செத்தவளப் போயி மூளிக் காதோட வரைஞ்சி வச்சிருக்க?”

பேத்தி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை தப்பிக்க வழியில்லை. “அம்மா, அந்தப் பழைய படத்துல காத மூடச் சொன்னது நான்தான். கம்மல் போடச் சொன்னதும் நான்தான்” என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “தெரியும்லே” என்றாள். “கொண்டாந்த அன்னைக்கே தெரியும். சின்னப் பய, வெக்கப்பட்டிருக்கான்னு விட்டுட்டேன்.”

“பெறகு ஏன் ஆச்சி மாட்டி வச்சீங்க?” என்றாள் பேத்தி.

“மாலை போட ஏதாச்சும் ஒரு படம் வேணும்லா?”

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க அந்தப் பேச்சை எடுக்கவில்லை. படம் கூடத்து மூலையில், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தபடி இருந்தது. இவளுக்கு ஊருக்குப் போக வேண்டும். கையோடு எடுத்துப் போய்விடலாமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. படத்தில் இருப்பது அவளுக்குக் கலை, எனக்குப் பாவசங்கீர்த்தனம், ஆனால் அம்மாவுக்கு அது பெற்ற தாய். யாருடைய உரிமை பெரிதென்று நான் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் விடியற்காலையில், கோயில் மணி அடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கூடத்தில் விளக்கு எரிந்தது. எழுந்து வந்து பார்த்தேன். அம்மா பூசைக்குப் போகிற சேலையில், படத்தைத் திருப்பி நாற்காலிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். பேத்தியை எழுப்பிக் கூட்டிவரச் சொன்னாள். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

“இது இடது காதுதான?”

“ஆமா ஆச்சி.”

“நீளம் பத்தாதுட்டி. எங்க ஆத்தாவுக்கு வலது காத விட இடதுதான் நீளம். அந்தக் காதுக்குள்ள விரல விட்டுப் பிடிச்சிக்கிட்டுத்தான் நான் தூங்குவேன். ஆறு வயசு வரைக்கும் இழுத்திருக்கேன்.”

சொல்லிவிட்டு, ஆள்காட்டி விரலைக் கொக்கி போல வளைத்துக் காட்டினாள். பேத்தி பெட்டியைத் திறந்து சாயத்தைக் குழைக்க ஆரம்பித்தாள். அம்மா அன்று பூசைக்குப் போகவில்லை.